மெடிக்கெய்டில் கை வைத்தால் ஓட்டு மாறுமா?

11 அக்டோபர் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் அமெரிக்காவில் மெடிக்கெய்டு, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பெரிய அளவில் குறையப் போகிறது. அதை அதிகம் நம்பியிருப்பது அவருக்கு ஓட்டை அள்ளிக் கொடுத்த ஏழை வெள்ளைக்காரக் கவுண்டிகள்தான் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). மாத்திரைக்கு வழியில்லாமல் போனால் தானாகப் புத்தி வரும், 2026 நவம்பரில் மாற்றிக் குத்துவார்கள் என்பது என் கணக்கு. கெண்டக்கி பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், சரிதானே?

11 அக்டோபர், இரவு

பாதி சரி. நான் கெண்டக்கியில்தான் இருக்கிறேன், ஓர் ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்ட்ரேஷனும் பில்லிங்கும் பார்க்கிற வேலை. நீங்கள் சொல்கிற ஆட்களை தினமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவள்.

சரியான பாதி இது: இந்த மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மெடிக்கெய்டு. கிழக்கே மலைப்பக்கம், பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குப் போனால் இன்னும் அதிகம். 2024இல் டிரம்புக்கு மாநிலம் முழுக்க 64 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மெடிக்கெய்டு வெட்டை எழுதிய கீழவைக் குழுவின் தலைவர் பிரெட் கத்ரியும் எங்கள் மாநிலத்துக்காரர்தான்.

மற்றப் பாதிக்கு எங்கள் செனட்டர் மிட்ச் மெக்கானலே பதில் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் சொந்தக் கட்சிக்காரர்களின் மூடிய கூட்டத்தில், மெடிக்கெய்டு பற்றி ஊரில் எல்லோரும் நம்மைக் கேட்கிறார்கள், ஆனால் போகப் போக அவர்களுக்குப் பழகிவிடும் என்கிற பொருளில் பேசியதாகச் செய்தி கசிந்தது. திட்டத்தை ஏமாற்றிப் பயன்படுத்துகிறவர்களைத்தான் சொன்னார் என்று அவர் அலுவலகம் பிறகு விளக்கம் கொடுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் நாற்பது வருஷமாக இந்த மாநிலத்தில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஆள், ஊர் நாடி தெரியாமல் பேசுகிறவர் இல்லை.

12 அக்டோபர்

ஏன் பழகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் கவுண்ட்டரிலேயே இருக்கிறது.

பெயர், பிறந்த தேதி, அப்புறம் இன்ஷூரன்ஸ் என்ன என்று கேட்போம். போன வாரம் ஒரு பெரியவர், பழைய சுரங்கத் தொழிலாளி, சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டை எடுத்தார். லாட்டரிச் சீட்டு, மீன்பிடி லைசென்ஸ், யாருடைய விசிட்டிங் கார்டோ ஒன்று, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கடைசியில் ஒன்றை நீட்டினார். "மெடிக்கெய்டெல்லாம் இல்லை, எனக்கு வெல்கேர் இருக்கு." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எண்ணைத் தட்டினேன். திரையில் மெடிக்கெய்டு என்றுதான் வந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. பணம் வாஷிங்டனிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தும் வருகிறது (எங்கள் மாநிலத் தலைநகரம், ஜெர்மனி இல்லை), நடுவில் ஒரு தனியார் கம்பெனி அதை நிர்வகிக்கிறது, அட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் இன்னும் வேடிக்கை. டென்னசியில் டென்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர், வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் ஹெல்த். டிவியில் "மெடிக்கெய்டு வெட்டு" என்று சொன்னால் பாதிப் பேர் அது வேறு யாருக்கோ என்று சேனலை மாற்றிவிடுவார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2008இல் எடுத்த கருத்துக்கணிப்பு இருக்கிறது. அரசாங்கச் சமூகநலத் திட்டம் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, மெடிக்கேரில், அதாவது முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில், இருப்பவர்களில் 40 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். மெடிக்கெய்டில் இருப்பவர்களிலேயே 28 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். கொடுத்தது யார் என்றே தெரியாதவரிடம் எடுத்தது யார் என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

12 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

"நம்ம ஊர் மாதிரி அட்டையில் தலைவர் படம் போட்டிருக்க வேண்டும்" என்று எழுதிய தம்பிக்கு: கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் வந்தது, பெயரிலேயே ஆள் இருந்தார், 2011இல் திமுக தோற்றது. அடுத்து வந்தவர்கள் திட்டத்தை ஒழிக்கவில்லை, 2012இல் முதலமைச்சர் பெயரில் புதிதாக்கி நடத்தினார்கள். படம் போட்டால் ஓட்டு வந்துவிடும் என்று இல்லை. ஆனால் பிடுங்கினால் யார் பிடுங்கியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் பிடுங்கக் கொஞ்சம் யோசிப்பார்கள், அந்த லாபம் உண்டு.

14 அக்டோபர்

"சுகாதாரத்தில் கை வைத்த எந்த அரசும் பிழைத்ததில்லை" என்று ஒருவர் கீழே அடித்து எழுதியிருக்கிறார். பக்கத்து மாநிலக் கதை சொல்கிறேன்.

டென்னசி, 2005. கவர்னர் ஃபில் பிரெடசன், டெமாக்ரட்தான், ஏழைகளின் கட்சி என்று சொல்லிக்கொள்கிற கட்சி. செலவு தாங்கவில்லை என்று சொல்லி டென்கேரிலிருந்து வயது வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை நீக்கினார். அந்த வருஷம் வரை இவ்வளவு பெரிய வெட்டை எந்த மாநிலமும் பார்த்ததில்லை என்றே பேசினார்கள். மக்கள் கவர்னர் அலுவலகத்துக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த வருஷம் தேர்தல். பிரெடசன் 68 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். டென்னசியில் 95 கவுண்டிகள். 95ம் அவருக்கு.

எப்படி? எதிரே நின்றவர் பலவீனமான ஆள் என்பது ஒன்று. மாநிலம் திவாலாகிவிடும் என்று அவர் சொன்னதை, அட்டை போகாத பெரும்பான்மை நம்பியது. அட்டை போனவர்கள் கோபித்துக்கொண்டு எதிர்க்கட்சியான ரிபப்ளிகனுக்கு, இன்றைய டிரம்ப் கட்சிக்கு, போட முடியுமா? அவர்கள் இதைவிட அதிகம் வெட்டுவோம் என்கிறவர்கள். போக்கிடம் இல்லாத கோபம் வீட்டில்தான் உட்காரும்.

அர்கன்சாவும் அப்படித்தான். 2018இல் வேலை செய்தால்தான் அட்டை என்று சட்டம் போட்டு அதே வருஷம் சுமார் 18,000 பேரை வெளியே தள்ளினார்கள். அதே நவம்பரில் கவர்னர் ஏசா ஹட்சின்சன் 65 சதவீதத்தோடு திரும்ப வந்தார்.

15 அக்டோபர்

இல்லை, "அப்போ எதுவுமே பாதிக்காது" என்று நான் சொல்லவில்லை. அவசரப்படாதீர்கள். 2017இல் ரிபப்ளிகன்கள் ஒபாமாகேரை (ஒபாமா காலத்து 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) ஒழிக்கப் புறப்பட்டார்கள், மே 4 அன்று கீழவையில் 217க்கு 213 என்று நிறைவேற்றினார்கள், ஜூலையில் நள்ளிரவு தாண்டி ஜான் மெக்கெயின் கட்டை விரலைக் கீழே காட்டிச் செனட்டில் கவிழ்த்தார். ஒரு ஆள் அட்டைகூட அப்போது போகவில்லை. ஆனாலும் 2018இல் டெமாக்ரட்டுகள் கீழவையில் 40 இடம் கூடுதலாக எடுத்தார்கள், வாக்குச்சாவடி வாசலில் கேட்டபோது அதிகம் பேர் சொன்ன பிரச்சினை மருத்துவம்தான்.

அதற்கு முன்னால் 2010இல், கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்பீடு கொடுக்கிற சட்டத்தை நிறைவேற்றிய அதே டெமாக்ரட்டுகள் 63 இடம் இழந்தார்கள். கொடுத்தவனுக்கும் உதை, பிடுங்கப் பார்த்தவனுக்கும் உதை, பிடுங்கியே விட்ட பிரெடசனுக்கு மாலை. இதில் கணக்கு எங்கே இருக்கிறது?

எனக்குப் படுவது: ஜனங்களை அசைப்பது போன அட்டை இல்லை, போய்விடுமோ என்கிற பயம். அதுவும் தனக்குப் போய்விடுமோ என்று நடுத்தர வீட்டுக்காரர் பயப்பட வேண்டும். 2017இல் பேசப்பட்டது ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்குக் காப்பீடு மறுப்பது பற்றி. சர்க்கரை, பிரஷர் இல்லாத வீடு எது? மெடிக்கெய்டு வெட்டு என்றால் அது "அவர்களுக்கு".

19 அக்டோபர்

அர்கன்சா பற்றி விவரம் கேட்டவருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போதைய சட்டமும் அதே அச்சில் வார்த்தது.

மாதம் 80 மணி நேரம் வேலை, அல்லது படிப்பு, தன்னார்வத் தொண்டு ஏதாவது. அதைச் செய்வது பிரச்சினை இல்லை, பெரும்பாலோர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார்கள். செய்தேன் என்று மாதாமாதம் நிரூபிக்க வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் இணையத்தில் மட்டும். அந்த இணையதளம் இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை மூடியிருக்கும். கடை மாதிரி ஷட்டர் போட்ட இணையதளம்! பகலில் கோழிப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, சிக்னல் இல்லாத மலையோரத்தில் குடியிருக்கிற ஆள் எப்போது பதிவது? 2019 மார்ச்சில் ஒரு ஃபெடரல் நீதிபதி நிறுத்தி வைத்தார். அதற்குள் 18,000 பேர் போய்விட்டார்கள்.

இப்போது இதிலிருக்கிற சூட்சுமத்தைப் பாருங்கள். அட்டை போன யாரும் "அரசாங்கம் என் காப்பீட்டை வெட்டிவிட்டது" என்று சொல்லவில்லை. "பேப்பர் அனுப்ப மறந்துட்டேன்." "பழைய விலாசத்துக்குப் போயிருக்கு." தப்பு தன்னுடையது என்று நினைக்கிறவர் யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவார்?

கோவிட் காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்று இருந்த விதி 2023 மார்ச்சோடு முடிந்தது. அடுத்து வந்த மாதங்களில் நாடு முழுக்க இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் மெடிக்கெய்டிலிருந்து கழன்றார்கள், அதில் ஏறத்தாழ 69 சதவீதம் தகுதி இல்லாமல் இல்லை, பேப்பர் வேலை முடியாததால். அப்போது ஆட்சியில் பைடன். 2024 தேர்தலில் யாராவது அதைப் பற்றிப் பேசி நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. கவுண்ட்டரில் மட்டும் கேட்டேன், தினமும். ஒரு அம்மா மகனுடைய ஆஸ்துமா மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டை செல்லவில்லை என்று நான் சொன்னதும், "நீ என்ன பண்ணினே?" என்று கேட்டார். பைடனை இல்லை, டிரம்பை இல்லை, என்னை.

19 அக்டோபர், பின்குறிப்பு

"கடிதம் வந்தால் பிரித்துப் படிக்க வேண்டியதுதானே" என்று கேட்ட கலிஃபோர்னியா அண்ணாவுக்கு: உங்கள் வீட்டு மைக்ரோவேவ் மேல் இருக்கிற பிரிக்காத கவர்களை எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

27 அக்டோபர்

அப்படியானால் கெண்டக்கியில் ஓட்டு அசைந்ததே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அசைந்திருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

டெமாக்ரட் ஸ்டீவ் பெஷியர் கவர்னராக இருந்தபோது 2014இல் இன்னும் பலர் சேரும்படி மெடிக்கெய்டை விரித்தார், 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கைனெக்ட் என்று ஒரு பெயர் வைத்து ஊர் ஊராகச் சந்தைகளில் மேசை போட்டு ஆள் சேர்த்தார்கள். ஒபாமாகேர் வேண்டாம், கைனெக்ட் நல்லா இருக்கு என்று ஜனங்கள் சொன்ன கதையெல்லாம் உண்டு. அடுத்த வருஷமே, இதையெல்லாம் கலைப்பேன் என்று சொன்ன ரிபப்ளிகன் மேட் பெவின் ஜெயித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் மெடிக்கெய்டில் இருந்த ஓஸ்லி கவுண்டியில் அவருக்கு 70 சதவீதம். பெரிய பத்திரிகைகளெல்லாம் அங்கே போய் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டு எழுதின.

அவர்கள் கேட்காமல் விட்டது: அந்தத் தேர்தலில் மாநிலத்தில் ஓட்டுப் போட்டவர்கள் 30 சதவீதத்துச் சொச்சம்தான். அட்டை வாங்கியவர்கள் அட்டைக்கு எதிராகப் போட்டார்கள் என்பதைவிட, பலர் வரவே இல்லை. வந்து பெவினுக்குப் போட்டவர்களில் நிறையப் பேர், பக்கத்து வீட்டுக்காரன் சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்த, கொஞ்சம் மேலே இருக்கிறவர்கள்.

2018 ஜூனில் பெவினின் வேலை விதியை நீதிமன்றம் தடுத்தது. கோபத்திலோ என்னவோ, ஜூலை முதல் தேதி லட்சக்கணக்கானவர்களுக்குப் பல், கண் சிகிச்சைக்கான பணத்தை நிறுத்தினார்கள். பல் பிடுங்கத் தேதி வாங்கிய ஆள் கிளினிக்கில் போய் உட்கார்ந்த பிறகு உனக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இது கடிதத்தில் வந்த வெட்டு இல்லை, வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குப் போக வைத்த வெட்டு. செய்தது யார் என்பதிலும் சந்தேகமில்லை. ஊர் கொதித்தது, சில வாரங்களிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

2019இல் பெவின் தோற்றார், ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில். ஜெயித்தவர் ஸ்டீவின் மகன் ஆன்டி பெஷியர், அவரும் டெமாக்ரட். ஃப்ளாய்டு, நாட் மாதிரி கிழக்குக் கவுண்டிகள் சிலவும் அவருக்கு விழுந்தன. ஓட்டுப் பதிவு 42 சதவீதம். பல் வலியால் மட்டும் தோற்றார் என்று சொன்னால் ஆசிரியர்கள் என்னை அடிக்க வருவார்கள், பென்ஷன் விவகாரத்தில் அவர்களைக் கண்டபடி பேசி அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது பெரிய காரணம். ஆனால் ஐயாயிரம் ஓட்டு என்பது எதனாலும் ஆகக்கூடிய வித்தியாசம்.

அடுத்த வருஷம் அதே மாநிலம் டிரம்புக்கு 26 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் கொடுத்தது. 2023இல் பெஷியரைத் திரும்பவும் கவர்னராக்கியது. 2024இல் டிரம்புக்கு 30 புள்ளி. என்னுடன் வேலை பார்க்கிற ஒரு பெண், மூன்று தலைமுறை சுரங்கக் குடும்பம், ஆன்டி பெஷியர் என்றால் உயிர், டிரம்ப் என்றாலும் உயிர். அதில் அவளுக்கு எந்த முரணும் தெரியவில்லை. கவர்னர் என்பவர் ரோடு, பல், வெள்ள நிவாரணம். ஜனாதிபதி என்பவர் நாம யார் என்கிற விஷயம். சுகாதாரத்துக்காக மாறுகிற ஓட்டு முதல் கணக்கில் மாறுகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை.

5 நவம்பர்

வர்ஜீனியா, நியூ ஜெர்சி முடிவு வந்ததும் "பார்த்தீர்களா!" என்று எழுதியிருக்கிறார் கேள்வி கேட்ட நண்பர். பார்த்தேன். இரண்டு இடத்திலும் டெமாக்ரட்டுகள் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், சந்தோஷம். ஆனால் இரண்டுமே 2024இல் கமலா ஹாரிஸுக்குப் போட்ட மாநிலங்கள், ஆட்சியில் இருக்கிற கட்சிக்கு நடுவில் வருகிற தேர்தலில் அடி விழுவது பழைய வழக்கம். நம் கேள்வி மெடிக்கெய்டை நம்பியிருக்கிற டிரம்ப் வாக்காளர் பற்றி. அதற்கு இது சாட்சி ஆகாது.

6 நவம்பர்

பல் பற்றி எழுதியதும் லண்டன்காரர் ஒருவர் பல்செட் கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதுவும் அருமையான கதைதான். 1951இல் லேபர் அரசு, தானே தொடங்கிய இலவச மருத்துவத்தில், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிக்கப் போவதாக அறிவித்தது. அதை உருவாக்கிய அனெயூரின் பெவன் கோபித்துக்கொண்டு மந்திரி பதவியை விட்டார், அக்டோபரில் லேபர் தோற்றது. எங்கள் பெவின் பல்லில் கை வைத்து வீட்டுக்குப் போனார், அவர்கள் பெவன் பல்லில் கை வைக்காதே என்று வீட்டுக்குப் போனார். இதற்கு மேல் இதில் ஆராய்ச்சி வேண்டாம். அந்தத் தேர்தலில் லேபருக்குத்தான் மொத்த ஓட்டு அதிகம், தொகுதிதான் குறைச்சல் என்பதையும் லண்டன்காரர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

15 நவம்பர்

செலவு மசோதா நிறைவேறாமல் 43 நாள் மூடிக் கிடந்த மத்திய அரசாங்கம் 12ஆம் தேதி திறந்தது. எதற்காக மூடினார்களோ அந்த ஒபாமாகேர் பிரீமிய மானியம் நீட்டிக்கப்படவில்லை, டிசம்பர் 31ஓடு போகிறது. இந்த இழையில் எல்லோரும் மெடிக்கெய்டையே பேசுகிறோம், எனக்கென்னவோ ஓட்டைத் தொடக்கூடியது இதுதான் என்று படுகிறது.

காரணம் எளிது. இதில் பில் வருகிறது. மெடிக்கெய்டு போனால் ஒருநாள் அட்டை செல்லாது, அவ்வளவுதான். பிரீமியம் ஏறினால் போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு என்று இரண்டு எண் ஒரே திரையில் தெரியும். சுகாதாரக் கொள்கையை ஆராய்கிற கேஎஃப்எஃப் அமைப்பின் கணக்குப்படி மானியம் வாங்குகிறவரின் சராசரிச் செலவு வருஷத்துக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலர் ஆகும். வாங்குகிறவர்கள் யார்? சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், விவசாயி, முடி திருத்துகிறவர், 65 ஆகாமல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுப் போடுகிற கூட்டம் இது. ஃப்ளோரிடா, டெக்சாஸ், ஜார்ஜியாவில் குவிந்திருக்கிறார்கள். ஜார்ஜியாவின் மார்ஜரி டெய்லர் கிரீன், அதாவது டிரம்பின் தீவிர விசுவாசியாக இருந்தவர், தன் பிள்ளைகளின் பிரீமியமே இரட்டிப்பாகிறது என்று அக்டோபரில் பகிரங்கமாகப் புலம்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1988இல் முதியவர்களின் மெடிக்கேரில் பெருநோய்ச் செலவுக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு சேர்த்தார்கள், அதற்கான காசை வசதியுள்ள முதியவர்களிடமே வரியாக வாங்குவோம் என்றார்கள். 1989 ஆகஸ்டில் சிகாகோவில் டேன் ராஸ்டென்கவ்ஸ்கி, கீழவை வரிக்குழுவின் தலைவர், மகா பெரிய ஆள், ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு காரில் ஏறப் போனார். தாத்தா பாட்டிகள் சூழ்ந்துகொண்டு பதாகைக் கட்டையால் காரைத் தட்டினார்கள். ஒரு பாட்டி காரின் பானெட் மேலேயே சாய்ந்துகொண்டார். மனுஷன் காரை விட்டிறங்கித் தெருவில் ஓடினார், டிவி கேமரா பின்னாலேயே ஓடியது. அந்த நவம்பரிலேயே சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அது கொடுக்கிற சட்டம்!

16 நவம்பர்

"கோபம் வந்தால் மாற்றிப் போட மாட்டார்களா, வீட்டில்தான் உட்காருவார்களா" என்று கேட்டதற்கு: ஓரிகன் மாநிலத்தில் 2008இல் மெடிக்கெய்டு இடங்கள் குறைச்சலாக இருந்ததால் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அல்வா மாதிரி. குலுக்கலில் அட்டை கிடைத்தவர்கள் அந்த நவம்பரில் ஓட்டுப் போட வந்தது சுமார் 7 சதவீதம் கூடியது. அடுத்தடுத்த தேர்தல்களில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஆக அட்டை கட்சியை மாற்றுகிறதோ இல்லையோ, காலை வீட்டுக்கு வெளியே எடுத்து வைக்கச் செய்கிறது, கொஞ்ச காலத்துக்கு. பிடுங்கினால் அது உள்ளே இழுக்கும் என்று நான் நினைக்கிறேன். டயாலிசிஸ் போகிறவரும், பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவரும் வாக்குச்சாவடி வரிசையில் நிற்பது கஷ்டம்.

வெட்டுகிறவருக்கு இது நல்ல செய்தி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

30 நவம்பர்

நன்றி நாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். அரசியல் பேசக் கூடாது என்று போனேன், வான்கோழியை வெட்டுவதற்குள் பேச்சு அங்கேதான் வந்தது. வீட்டுக்காரர் சொன்னார், வேலை செய்தால்தான் அட்டை என்பது நியாயம்தானே, நான் வாழ்க்கை முழுக்க உழைத்தேன். அவருடைய மகள் இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறாள், குழந்தைக்கும் அவளுக்கும் மெடிக்கெய்டு. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளைச் சொல்லல, அவ உழைக்கிறா" என்றார். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ரோட்டின் அந்தக் கோடியில் ஒரு குடும்பம் இருக்கிறதாம்.

எல்லா வீட்டுக்கும் ரோட்டின் அந்தக் கோடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைக் கேட்டால் அவர்களும் வேறு யாரையோ காட்டுவார்கள். கருத்துக்கணிப்புகளில் வேலை விதிக்குப் பெரும்பான்மை ஆதரவு வருகிறது. வயது வந்த, உடல் ஊனமில்லாத மெடிக்கெய்டுக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னால் ஆதரவு சரிகிறது. யார் எடுத்துச் சொல்வது?

எங்கள் கிழக்குத் தொகுதியின் ஹால் ராஜர்ஸ் 1981இலிருந்து கீழவையில் இருக்கிறார். சட்டத்துக்கு ஆதரவாகப் போட்டார். நாட்டிலேயே மெடிக்கெய்டை மிக அதிகம் நம்பியிருக்கிற ரிபப்ளிகன் தொகுதிகளில் அது ஒன்று. 2024இல் அவரை எதிர்த்து டெமாக்ரட் யாரும் நிற்கவே இல்லை. விசுவாசம் மாறுமா என்று கேட்கிறோம். மாறினால் குத்துவதற்கு ஒரு சின்னமாவது இருக்க வேண்டாமா?

2 டிசம்பர்

"அரசியல்வாதிகளே பயப்படுகிறார்களே, அப்போ ஏதோ இருக்கிறதல்லவா" என்று கேட்டது நல்ல கேள்வி. இருக்கிறது. மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலி மே மாதம் மெடிக்கெய்டை வெட்டுவது ஒழுக்கக்கேடு, அரசியல் தற்கொலை என்று பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். ஜூலை முதல் தேதி ஆதரவாக ஓட்டுப் போட்டார். இரண்டு வாரத்தில் அந்த வெட்டுகளில் சிலவற்றை ரத்து செய்யத் தானே ஒரு மசோதா கொண்டுவந்தார். வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைத் திருப்பித் தர மனுப் போட்ட மாதிரி. மிசௌரி ஜனங்கள் 2020 ஆகஸ்டில் நேரடி வாக்கெடுப்பில் 53 சதவீதம் பேர் மெடிக்கெய்டை விரிக்கச் சொன்னவர்கள், மூன்று மாதம் கழித்து டிரம்புக்குப் போட்டவர்கள், அதனால் அவருக்கு இரண்டு பக்கமும் கவலை. ஓக்லஹோமா, ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, தெற்கு டகோட்டா எல்லாமே வாக்கெடுப்பில் மெடிக்கெய்டுக்கு ஆமாம் போட்ட சிவப்பு மாநிலங்கள்தான், அதாவது ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தவை. சீட்டில் கட்சிப் பெயர் இல்லாவிட்டால் ஆமாம். பெயர் இருந்தால் கட்சி.

பயத்தின் உண்மையான அளவு சட்டத்தின் தேதிகளில் இருக்கிறது. வேலை விதி 2027 ஜனவரி 1க்குள் வந்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை 2026 டிசம்பர் கடைசியில் தொடங்கும். மாநிலங்கள் ஆஸ்பத்திரிகளிடம் வாங்கி மெடிக்கெய்டுக்குப் பணம் திரட்டுகிற வரியைக் குறைப்பது 2028 நிதியாண்டிலிருந்து. இடைக்காலத் தேர்தல் (ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் வருகிற நாடாளுமன்றத் தேர்தல்) 2026 நவம்பர் 3. அவர்களே வெட்டை ஓட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்திருக்கும்போது, 2026இல் புத்தி வரும் என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

9 டிசம்பர்

பந்தயம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார் கேள்வி கேட்டவர். ஜனாதிபதித் தேர்தல் ஓட்டுக்கு நான் கட்டமாட்டேன். கவர்னர் தேர்தல் என்றால் கட்டுவேன், கெண்டக்கிக்கு 2027 நவம்பரில் வருகிறது, வேலை விதி வந்து பத்து மாதம் ஆகியிருக்கும். ஆன்டி பெஷியர் மூன்றாவது முறை நிற்க முடியாது. அட்டை போன கோபம் அவர் கட்சி மேலேயே திரும்பவும் வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் கடிதம் ஃபிராங்க்ஃபர்ட் முத்திரையோடுதான் வரும், வாஷிங்டன் முத்திரையோடு இல்லை. மாநில அரசு தலையில் பழி விழும்படித்தான் வேலையே பிரித்திருக்கிறது. பெஷியர் இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் இடத்தில் புதிய படிவங்களுக்குப் பயிற்சி வைக்கப் போவதாகப் பேச்சு. ஜார்ஜியாவில் 2023 ஜூலையிலிருந்தே வேலை விதியோடுதான் மெடிக்கெய்டு விரிவாக்கம் நடக்கிறது. அட்லாண்டா பக்கம் ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ கவுண்ட்டரில் இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்: மணிக்கணக்கை நிரூபிக்க என்ன பேப்பர் கேட்கிறார்கள், சம்பளச் சீட்டு இல்லாமல் ரொக்கத்துக்கு வேலை பார்க்கிறவர் என்ன கொண்டுவருகிறார், திருப்பி அனுப்பினால் யாரைத் திட்டுகிறார்?